பழைய உறைகளும் ஒரு ரப்பர் வேதியியலாளரும்

பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் நிரப்பிக் கொடுக்க வேண்டிய தன்விவரப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'ஓய்வுநேர ஈடுபாடுகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை யாரும் படிப்பதில்லை என்பது நிரப்புகிறவர்களுக்கும் தெரியும் என்பதால், வாசிப்பு, தோட்டம், பயணம் என்று மூன்று சொற்களைப் போட்டுக் கையெழுத்திடுவதே எங்கள் துறையில் வழக்கம். நான் 'அஞ்சல் முத்திரைகள்' என்று எழுதுகிறேன். அதைக் கண்ணுற்ற ஓரிருவர், சிறுவயதில் தாமும் அஞ்சல் தலை சேர்த்ததாகவும் பிறகு படிப்பு, வேலை என்று விட்டுவிட்டதாகவும் சொல்வார்கள். பேராசிரியர் ஒருவர் இந்த வயதிலும் அதை விடாமல் இருப்பது, அவர்கள் பார்வையில், ஏதோ ஒரு குழந்தைத்தனத்தின் மிச்சம். நான் மறுப்பதில்லை. ஆனால் இந்த ஈடுபாடு எனக்கு ஓய்வைத் தருகிறது என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்ளும்போது மட்டும் மறுத்துச் சொல்லத் தோன்றும், ஏனென்றால் ஒரு மங்கிய முத்திரையின் தேதியை உறுதிசெய்ய உட்கார்ந்தால், ஆய்வுக்கூடத்தில் படும் பாட்டைவிட அதிகமாகவே நான் பாடுபடுகிறேன்.

என் தொழில் ரப்பர் பால். பினாங்கில் பலபடி (பாலிமர்) வேதியியல் கற்பிக்கிறேன். என் ஆய்வு முழுக்க இயற்கை ரப்பர் மூப்படைவதைப் பற்றியது, அதாவது புதிதாக இருக்கையில் இழுத்த இழுப்புக்கு வரும் ஒரு பொருள் காலப்போக்கில் ஏன் இளகிப் பிசுபிசுத்து, பிறகு இறுகி, கடைசியில் தொட்டால் நொறுங்கும் நிலைக்கு வருகிறது என்பதைப் பற்றியது. ஓய்வு நாள்களில் நான் தேடுவதோ தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே கப்பலிலும் பிறகு விமானத்திலும் போய்வந்த கடித உறைகளை. அவற்றில் பெரும்பாலானவை ரப்பர் தோட்டத்து முகவரி கொண்டவை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, நான் விரும்பிய வகையில் அல்ல.

லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையைப் பினாங்கில் அறியாதவர் குறைவு. விளையாட்டரங்கத்தின் ஓரமாகக் காலை நேரத்தில் தரையில் விரிப்புப் போட்டுப் பழைய நாணயம், மணிக்கூடு, இஸ்திரிப் பெட்டி, யாரோ ஒருவரின் திருமணப் புகைப்படம் என்று எல்லாவற்றையும் பரப்பி வைத்திருப்பார்கள். அங்கே தமிழ் முஸ்லிம் வியாபாரி ஒருவர் எனக்குப் பழக்கம். பழைய வீடுகளை இடிக்கும்போதும் காலிசெய்யும்போதும் கிடைக்கும் தகரப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, தாள் எதுவும் தென்பட்டால் எனக்காக ஓரமாக எடுத்து வைப்பார்.

"வாங்க டீச்சர், உங்க சாமான் வந்திருக்கு."

"எங்கேருந்து பாய் வந்துச்சு?"

"நிபோங் திபால் பக்கம். பெரியவங்க போய்ட்டாங்க, பிள்ளைங்க பெட்டியோட தூக்கிக் கொடுத்துட்டாங்க. தலை ஒட்டின உறைக்குத்தான் காசு, உள்ளே இருக்கிற லெட்டரு சும்மா."

இந்தக் கடைசி வாக்கியம் அந்தச் சந்தையின் பொது விதி. அஞ்சல் தலை சேகரிப்பவர்கள் உறையை வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் கடிதத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். நான் இரண்டையும் கேட்பதால் அவர் என்னைச் சற்றுக் குறைவான விவரம் உள்ளவராக எண்ணுகிறாரோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

அப்படி வாங்கும் கட்டுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் அக்கறையோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருப்பார். அந்த அக்கறைதான் கேடு. ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியில் வரிசையாக இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றிலுள்ள உயிர்வாயுவும் ஓசோனும் அந்த இடங்களில்தான் தாக்குகின்றன. சங்கிலி அறுபட அறுபட ரப்பர் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்கிறது. பினாங்கின் வெப்பமும் தகரப் பெட்டியின் புழுக்கமும் அந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. பிறகு அது இறுகி நொறுங்கும்போது தாளின் மேல் தோலையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வருகிறது. கட்டின் மேலும் கீழுமாக இருக்கும் உறைகளில் குறுக்காக ஒரு பழுப்புக் கோடு எப்போதும் இருக்கும். அது பெரும்பாலும் முத்திரையின் மேலேயோ, பெறுநரின் ஊர்ப்பெயர் மேலேயோதான் விழுந்திருக்கும். அந்தத் தோட்டத்து மக்கள் தம் கையால் வெட்டிச் சேகரித்துக் கொடுத்த பாலிலிருந்து உருவான பொருளே அவர்களுடைய கடிதங்களை அரித்துவிட்டிருக்கிறது. இதைச் சொல்லும்போது மாணவர்கள் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள் என்பதால், மூப்படைதல் பற்றிய முதல் விரிவுரைக்கு அப்படியொரு கட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வது என் வழக்கம்.

பழைய கடிதங்களைத் தைத்ததுபோல ஒட்டி வைத்திருக்கும் ஒளிபுகு ஒட்டுநாடாவும் இதே குற்றத்தில் பங்காளி. முந்தைய தலைமுறை நாடாக்களின் பசையில் இயற்கை ரப்பரும் பிசினும் கலந்திருந்தன. அந்தப் பசை மஞ்சளாகித் தாளுக்குள் எண்ணெய்போல ஊறிவிட்டால், நாடா உதிர்ந்த பிறகும் கறை போவதில்லை.

அஞ்சல் முத்திரைகளில் அப்படி என்ன இருக்கிறது என்பவர்களுக்குப் பினாங்கின் கதையை முத்திரைகளின் வழியாகச் சொல்லிக்காட்டுவேன். நீரிணைக் குடியேற்றங்களான பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் 1867 வரை இந்திய அரசின் ஆட்சிக்குள் இருந்தன. ஆகவே 1854இல் வெளியான இந்திய அஞ்சல் தலைகளே இங்கும் புழங்கின. அணாக் கணக்கில் விலையிட்ட அந்தத் தலைகளின் மேல், பினாங்கு அஞ்சலகம் 'பி' என்ற எழுத்தும் 147 என்ற எண்ணும் கொண்ட முத்திரையைக் குத்தியது. மலாக்காவுக்கு 109, சிங்கப்பூருக்கு 172. ஓர் இந்திய அஞ்சல் தலை கல்கத்தாவில் பயன்பட்டதா, பினாங்கில் பயன்பட்டதா என்பதை அந்த மூன்று இலக்கங்கள் மட்டுமே சொல்லும். 1867 ஏப்ரல் 1 அன்று இந்தக் குடியேற்றங்கள் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டு நேரடியாக லண்டனின் கீழ் வந்தபோது நாணயமும் மாறியது. புதிய தலைகள் அச்சாகி வரும்வரை பொறுக்க முடியாமல், அதே இந்தியத் தலைகளின் மேல் ஒரு கிரீடத்தையும் சென்ட் கணக்கில் புதிய விலையையும் அச்சிட்டு விற்றார்கள். ஓர் ஆட்சி மாற்றத்தின் அவசரம் முழுவதும் விரல்நகம் அளவுள்ள தாளில் தெரிகிறது. இதைவிடச் சுருக்கமான வரலாற்றுப் பாடத்தை நான் கண்டதில்லை.

பினாங்கின் பெயரைத் தாங்கிய தனித் தலைகள் வெளிவந்தது 1948இல்தான். அதற்கும் முன்பே பினாங்கின் பெயர் அஞ்சல் தலையில் ஒரு முறை ஏறியிருந்தது, ஆனால் அது வேறு விதமான ஏற்றம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் தீவைப் பிடித்த பிறகு, கையிருப்பில் இருந்த நீரிணைக் குடியேற்றத் தலைகளின் மேல் 1942இல் ஓக்குகாவா, உச்சிபோரி என்னும் இரு அதிகாரிகளின் சொந்த முத்திரைகளைக் குத்தி விற்றார்கள். அதன்பின் 'டாய் நிப்பொன் 2602 பினாங்கு' என்ற வரி மன்னர் ஆறாம் ஜார்ஜின் முகத்துக்குக் குறுக்கே அச்சானது. 2602 என்பது ஜப்பானியப் பேரரசுக் கணக்கில் 1942ஆம் ஆண்டு. கைமுத்திரை குத்திய அந்தத் தலைகளுக்குப் போலிகள் ஏராளம், காரணம் எளிது: அசல் தலை மலிவு, முத்திரை செய்வதும் எளிது, விலையோ பல மடங்கு. சந்தையில் யாராவது அவற்றை ஆல்பத்தோடு நீட்டினால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பதோடு சரி.

வேதியியல் தெரிந்திருப்பதில் இந்த ஈடுபாட்டுக்குச் சில வசதிகள் உண்டு. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு காலத்து ஊதா, பச்சைத் தலைகள் பலவற்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் நிறம் கரைந்து ஓடிவிடும். அது அச்சின் குறையன்று. பயன்படுத்திய தலையின் முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடியும் ஒட்டி அரசை ஏமாற்றுவோருக்காக, கழுவினால் நிறமும் சேர்ந்து போகும்படி லண்டனில் திட்டமிட்டே செய்த மை அது. தாளுக்குள் நெய்ததுபோல் இருக்கும் நீர்க்குறியைப் பார்க்க எளிதில் ஆவியாகும் பெட்ரோலியக் கரைப்பான்களைச் சேகரிப்பாளர்கள் பயன்படுத்துவார்கள். நான் வீட்டில் பக்கவாட்டு விளக்கோடு நிறுத்திக்கொள்கிறேன், அந்த ஆவியை மூடிய அறையில் சுவாசிப்பதன் விளைவுகளைப் பற்றி மாணவர்களுக்கு ஆண்டு தவறாமல் எச்சரிக்கும் ஒருவர் அதைத் தானே செய்வது முறையன்று என்பதால். புறஊதா விளக்கு இன்றியமையாதது. 1950களுக்குப் பிந்தைய தாள்களில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் பரவலாகச் சேர்க்கப்பட்டதால் அவை அந்த ஒளியில் நீலமாகப் பளிச்சிடும். நூறு ஆண்டுப் பழமை என்று சொல்லி விற்கும் உறை அப்படிப் பளிச்சிட்டால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஆனால் அந்த விளக்கு எனக்குக் காட்டிய மிக நல்ல காட்சி போலியைப் பற்றியதன்று. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பாகான் செராய் அருகிலுள்ள தோட்டத்துக்கு வந்த உறை ஒன்று என்னிடம் இருக்கிறது. சாதாரண வெளிச்சத்தில் அது அழுக்கேறிய பழுப்புத் தாள், அவ்வளவே. விளக்கின் கீழே வைத்ததும் மடிப்பின் உட்புறத்திலும் நான்கு மூலைகளிலும் இளம்பச்சை கலந்த மஞ்சள் ஒளி எழுந்தது. மஞ்சளிலுள்ள குர்குமின் வெயிலில் எளிதில் வெளிறிவிடும், ஆனால் வெளிச்சம் படாத மடிப்புகளில் தங்கியிருந்தால் புறஊதா ஒளியில் இப்படித்தான் ஒளிரும். உள்ளே கடிதமோ பத்திரிகையோ எதுவும் இல்லை. என்ன சேதி என்பதற்கு வேறு சான்று தேவையும் இல்லை: நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி யாரும் துக்கச் செய்தி அனுப்புவதில்லை. திருமணமோ, காதுகுத்தோ, வீட்டுக்கு விளக்கேற்றிய நாளோ, கடல் கடந்து வர முடியாதவருக்கும் முறைப்படி அழைப்பு வந்திருக்கிறது.

முகவரிகளையும் நான் நேரம் போவது தெரியாமல் படிப்பேன். பெரும்பாலும் பெறுநரின் பெயர், அவருடைய தந்தையின் பெயர், தோட்டத்தின் பெயர், அடுத்து அருகிலுள்ள ஊர், கடைசியில் 'பினாங்கு வழி' என்று இருக்கும். நாகப்பட்டினத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் கப்பலுக்கு முதல் துறைமுகம் பினாங்கு. பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் 'ரஜூலா' 1926இல் கட்டப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு இந்த வழியில் ஓடியது. ஆள் வந்த கப்பலிலேயே கடிதமும் வந்தது. தோட்டத்தில் கடிதம் நேராகத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகாது, அலுவலகத்துக்குப் போகும், கிராணி என்னும் எழுத்தர் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார், படிக்கத் தெரியாதவருக்கு அவரோ தோட்டப் பள்ளி ஆசிரியரோ படித்துக் காட்டுவார். எழுதிய கையும் பெரும்பாலும் இன்னொருவருடையதே. இதனால்தான் அந்தக் கடிதங்களில் நான் பார்க்கும் முதல் நான்கு வரிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன: பிள்ளையார் சுழி, 'இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்திற்குப் பதில் எழுதவும்', மழை, விளைச்சல். எழுதச் சொன்னவரின் குரல் ஐந்தாவது வரியில்தான் கேட்கத் தொடங்கும். மணியார்டர் வந்து சேர்ந்ததா, அதில் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற இடத்தில் அது சட்டென்று கூர்மையாகிவிடும்.

உறைகளைக் காலவரிசையில் அடுக்கினால் ஓரிடத்தில் அவை நின்றுவிடுகின்றன. 1941ஆம் ஆண்டுக் கடைசியில் வந்தவை தணிக்கை முத்திரையோடு இருக்கும்; அடுத்து வருவது 1945இன் பிற்பகுதியிலோ 1946இலோதான். இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே வழக்கமான கடிதப் போக்குவரத்தே இல்லை. அந்த ஆண்டுகளில்தான் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போருக்குப் பின் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் பழைய தலைகளின் மேல் 'பி.எம்.ஏ. மலாயா' என்று அச்சிட்டு வெளியிட்டது. சேகரிப்பாளர்களுக்கு அவை மிகச் சாதாரணமானவை, சந்தையில் கைப்பிடியாக அள்ளிக் கொடுப்பார்கள். ஆனால் அந்த மலிவான தலை ஒட்டிய, இங்கிருந்து ஊருக்குப் போன கடிதம் ஒன்று எப்படியோ திரும்பி என் கைக்கு வந்திருக்கிறது. அதில் க்ஷேம வரி இல்லை, நேராகப் பெயர்ப் பட்டியலில் தொடங்குகிறது: யார் இருக்கிறார்கள், யார் போய்த் திரும்பவில்லை. அந்தக் கடிதத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இந்த இடத்தில் சக ஊழியர் ஒருவரோடு எனக்குள்ள நெடுநாள் வழக்கைச் சொல்ல வேண்டும். சமூக அறிவியல் துறையைச் சேர்ந்தவர், நல்ல ஆய்வாளர். என் உறைகளைப் பார்த்தது முதல், இரு துறை இணைந்த ஆய்வாக இதை மாற்றிவிடலாம், நிதி கேட்கலாம், தாளின் வேதியியல் என்னுடையது, புலம்பெயர்வு வரலாறு அவருடையது, இருவருக்கும் கேபிஐ என்னும் பணித்திறன் மதிப்பீட்டுக் கணக்கில் ஏறும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் சொல்வதில் பிழை இல்லை. அந்தக் கடிதங்களை ஒருநாள் யாராவது முறையாக ஆராயத்தான் வேண்டும், ஆராய்வோருக்கு நான் கதவை மூடப் போவதுமில்லை. நான் மறுப்பது, அதை நானே செய்வதை.

காரணம் சோம்பல் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வார். என் காரணம் வேறு. பல்கலைக்கழக வாழ்க்கையில் ஒரு கேள்வியை எழுப்பும்போதே அதற்கு எத்தனை மாதத்தில், எந்தத் தர இதழில் விடை வரும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. பதில் வராத கேள்விக்கு அங்கே இடமில்லை. பதில் வரத் தாமதமாகும் கேள்விக்கும் அநேகமாக இடமில்லை. ரப்பர் பற்றிய என் ஆய்வில் அந்தக் கட்டுப்பாட்டை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன், அதற்குத்தான் சம்பளம். ஆனால் பாதி மட்டுமே விழுந்த ஒரு முத்திரை கூலிம் ஊருடையதா, சுங்கைப் பட்டாணி ஊருடையதா என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் என் மேசையில் கிடக்கலாம், அதனால் யாருடைய பதவி உயர்வும் தடைபடாது. ஓர் ஆய்வாளருக்குத் தன் பயிற்சி முழுவதையும் செலவழித்து, விடையைப் பற்றிய அச்சமின்றிப் பார்க்க ஓரிடம் தேவைப்படுகிறது. என் தொழிலை நான் இன்னும் வெறுக்காமல் இருப்பதில் அந்த இடத்துக்குப் பங்குண்டு என்றே கருதுகிறேன். சக ஊழியர் இதை ஏற்பதில்லை. நல்ல தரவை வீட்டில் பூட்டி வைப்பது அறமா என்பார். பூட்டவில்லை, கேட்கிற குடும்பத்தாருக்கும் மாணவர்களுக்கும் காட்டுகிறேன் என்பேன். வழக்கு இன்னும் முடியவில்லை.

வேறு ஈடுபாடுகள் இல்லாமல் இல்லை. தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலைக்குப் போகும் ஜீப் சாலையில் நடப்பேன். சுமார் ஐந்து கிலோமீட்டர், 833 மீட்டர் உயர மலைக்கு அது கொஞ்சமும் தயவு காட்டாத செங்குத்துப் பாதை. 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் இறங்கி வருவதில் எனக்கு வெட்கமில்லை, முழங்காலுக்கு அதுவே நல்லது. உறைகளைத் தாள்களுக்கு இடையில் அடுக்கும்போது மலேசியத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்மில் பழைய பாடல்கள் ஓடும். இவற்றைப் பற்றித் தனியாக எழுத ஏதுமில்லை.

எழுதத் தகுந்தது, இதைப் படிக்கிறவர்களின் வீட்டு அலமாரியில் அநேகமாக இருக்கக்கூடிய கட்டைப் பற்றி. தாத்தாவுக்கு வந்த கடிதங்கள் இருந்தால் முதலில் ரப்பர் பேண்டை எடுத்துவிடுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல், நொறுங்கிய பகுதியை மட்டும் மெல்லத் தட்டி உதிர்த்துவிட்டு, மீதியை ஆவணப் பாதுகாப்பு அறிந்தவரிடம் விடுங்கள். பருத்தி நாடா இருந்தால் தளர்வாகக் கட்டலாம். பிவிசி உறைகள் வேண்டாம், அவற்றை மென்மையாக்கச் சேர்க்கும் இளக்கி வெளியேறி மையை இழுக்கும். பாலியெஸ்டர் உறைகள் நல்லவை. நம் நாட்டில் பழைய பத்திரம், கடிதம் எதைக் கண்டாலும் கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிடும் பழக்கம் இருக்கிறது. சூட்டில் உருகி ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் பத்திரமாகப் பிரிக்க முடியாது, ஆகவே செய்யாதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு மருந்து தெளிப்பதைவிடப் பெட்டியைக் காற்றோட்டமான, ஈரமற்ற இடத்தில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுவது மேல். மஞ்சள் தடவிய உறையைச் சட்டமிட்டு வெயில் படும் சுவரில் மாட்டினால் சில ஆண்டுகளில் மஞ்சள் இருந்த இடம் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடிதத்தையும் உறையையும் பிரிக்காதீர்கள். ஒன்றில் தேதியும் வழியும் இருக்கின்றன, மற்றதில் ஆள் இருக்கிறார். அஞ்சல் தலைக்காக உறையை மட்டும் யாராவது கேட்டால், நல்ல விலை சொன்னாலும், கேட்பது நானாகவே இருந்தாலும், கொடுக்க வேண்டாம்.